மோருக்குப் போன நேரம்

செவ்வந்தி நகரில் தை பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் திருடர்கள். மற்ற நாளெல்லாம் அவர்கள் பேங்கிலும் மின்வாரியத்திலும் பள்ளிக்கூடத்திலும் உத்தியோகம் பார்த்து ஓய்ந்து, திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற ரோட்டோரம் ஆளுக்கொரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட யோக்கியர்கள், அடுத்த வீட்டுப் பேப்பரைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள். அந்த ஒரு ஞாயிறு மட்டும் விடியக் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, பெண்கள் இருப்பதிலேயே பெரிய பையாகப் பார்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருத்தெருவாக, வீடுவீடாகத் தோட்டம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்குத் தோட்ட உலா என்று பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வீட்டுக்காரி வாசலுக்கு வந்து கூப்பிட்டு, இது அடுக்குச் செம்பருத்தி, இது ஒட்டு மாதுளை, இது பெங்களூரில் மகள் வீட்டிலிருந்து வந்த ரோஸ் என்று சுற்றிக் காட்டிவிட்டு, "இருங்க, மோர் கொண்டாரேன்" என்று உள்ளே போவாள். போனவள் சட்டென்று திரும்பிவிடக் கூடாது. மோர் கலக்குகிற சாக்கில் அவள் அடுக்களையில் சும்மா நிற்கிற அந்த நேரத்தில் வெளியே கிளைகள் ஒடியும், பைகள் திறந்து மூடும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். கேட்டு வாங்கின செடி வேர் பிடிக்காது, கையால் எடுத்துக் கொடுத்த செடி பட்டுப்போகும், களவாக வந்த கொப்புத்தான் தழைக்கும் என்பதில் அந்த நகரில் படித்தவர் படிக்காதவர் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இதில் பெருமையும் சிறுமையும் உண்டு. உலா முடிந்த மறுநாள் எந்த வீட்டுச் செடி அதிகம் மொட்டையாக நிற்கிறதோ அந்த வீடு உயர்ந்த வீடு. ஒரு கொப்பும் ஒடிபடாமல் மோரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள் என்றால் அந்த வீட்டுக்காரி ஒரு வாரத்துக்குத் தலை நிமிர மாட்டாள்.

மூன்றாம் தெருக் கடைசியில் காலி மனைக்குப் பக்கத்து வீட்டு உலகம்மாளுக்கு அந்தச் சிறுமை வருஷா வருஷம் நேர்ந்தது. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குச் சிந்திவிட்டவள், புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்து ஒற்றை மகனை வளர்த்தவள். அவள் தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலை, ஒரு நந்தியாவட்டை, கொஞ்சம் புதினா, அவ்வளவுதான். அந்த நந்தியாவட்டையும் மகன் குத்தாலிங்கம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஓர் உலாவில், நலச்சங்கத் தலைவர் ஆவுடையப்பன் சார் வீட்டில் ஒடித்துக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு அதுதான், விடைத்த காது இரண்டும் சிவக்கச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டாமல் நேரே மண்ணில் ஊன்றினான். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அவன் அதைவிட உயரமாக வளர்ந்து, தூத்துக்குடி போய்ப் படித்து, சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். போன கப்பல் வரவில்லை. தேடுகிறோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். பிறகு தேடினோம் என்றார்கள். பிறகு போனை எடுக்கவில்லை.

உலகம்மாளின் தம்பி வருஷத்துக்கு ஒருமுறை வந்து, காரியத்தைச் செய்து தலைமுழுகிவிடு என்பான். "கண்ணால பாக்காத சாவுக்கு நான் எதுக்குடா முழுகணும்?" என்று அவள் அவனுக்குச் சோறு போட்டு அனுப்பிவிடுவாள். ஆனால் தம்பி போன பிறகு அழுவாள், ஏனென்றால் அவளிடம் பதில் இருந்ததே தவிர நம்பிக்கை இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு புரட்டாசி மாதக் காலையில், துணி துவைக்கப் போனவள், துவைகல்லின்மேல் தன் மகனுடைய நிழல் விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். நந்தியாவட்டையின் நிழல் விழவேண்டிய இடத்தில் அது விழுந்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையைக் கன்னத்தில் ஊன்றி, பல் விளக்கிவிட்டு எழுந்திருக்கச் சோம்பல்பட்டு அவன் உட்கார்ந்திருக்கிற அதே உட்காரல். அதே விடைத்த காது. எண்ணெய் வைத்து எத்தனை முறை படிய வாரினாலும் எழுந்து நிற்கிற அதே உச்சி மயிர். காற்றடித்தபோது செடி முழுக்க ஆடியது, நிழலில் அந்த உச்சி மயிர் மட்டும் ஆடியது. உலகம்மாள் கத்தவில்லை, மயங்கி விழவுமில்லை. துவைகல்லில் சோப்பு நுரை இருந்தது, அவன் கண்ணில் பட்டுவிடப் போகிறது என்று அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

காலையில் நிழல் மேற்கே துவைகல்வரை நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறக் குறுகி, உச்சிவேளையில் அடுக்களைப் படியின்மேல் நாலு வயசுப் பிள்ளை அளவுக்கு வந்து உட்காரும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், சாப்பிடுகிறபோது அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளையெல்லாம் மறுபடி சொல்லுவாள். சாயங்காலம் கிழக்கே நீண்டு நீண்டு, கிராதிக் கதவைத் தாண்டி, அவன் வீட்டில் இருந்தபோது வளர்ந்ததைக் காட்டிலும் பெரிய ஆளாகத் தெருவில் போய்ப் படுக்கும். மழை மேகம் வந்தால் ஊரே சந்தோஷப்படும், அவள் மட்டும் வானத்தைத் திட்டுவாள்.

செவ்வந்தி நகர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், இரண்டு நாள் வந்து பார்த்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூட வேன் அந்த இடத்துக்கு வந்ததும் டிரைவர் இடதுபக்கம் ஒடித்து நிழலின் தலையில் ஏறாமல் போவான். காய்கறி வண்டிக்காரர் காலை மிதித்துவிடாமல் வண்டியை ஓரங்கட்டுவார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒருநாள் வந்து, "அம்மா, வண்டிய நிப்பாட்ட எடமில்ல, உங்க மகன் காலைக் கொஞ்சம் மடக்கிக்கிடச் சொல்லுங்க" என்றார், விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. உலகம்மாள் போய்ச் சொன்னாள். அவன் மடக்கவில்லை, சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை என்றாலும் காலை மடக்கு என்றால் மட்டும் கேட்க மாட்டான்.

தம்பி இந்த முறை காரியம் செய்துவைக்கிற ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஐயர் துவைகல் பக்கத்தில் நின்று நிழலைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "செத்தவாளுக்கு நிழல் விழாது. இங்கே விழறதே. ஆள் இருக்கான்னுதான் அர்த்தம். நான் எள்ளைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். ஊருக்கும் அது நியாயமாகப் பட்டது. பேய்க்கு நிழல் கிடையாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அன்றிலிருந்து உலகம்மாளைப் பார்க்கிறவர்கள் "மகன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார்கள், அவளும் "இருக்கான்" என்று சொன்னாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தயங்காமல் சொன்ன வார்த்தை அது. அந்த நிழல் ஒன்றுதான் அவளிடம் இருந்த அத்தாட்சி, அது இருக்கிறவரைக்கும் அவள் பிள்ளையைப் பெற்றவள், பிள்ளையைத் தோற்றவள் அல்ல.

மார்கழிக் கடைசியில் ஆவுடையப்பன் சார் வந்தார்.

"உலகம்மா, இந்த வருசம் உலா நம்ம வீட்டுல ஆரம்பிச்சு உங்க வீட்டுல முடியுது. கமிட்டியில ஒருமனசாச் சொல்லிட்டாங்க. உச்சிக்கு வந்துருவோம், பிள்ளை படியில இருக்கிற நேரம் பாத்து."

அவர் போனதும் பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், தனியாள், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து உலாவில் கலந்துகொள்வாளே தவிர, இத்தனை வருஷத்தில் ஒரு துளிர் கிள்ளினவள் அல்ல. ஊர் வழக்கமாக இருந்தாலும் திருட்டு திருட்டுத்தான் என்பாள், வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போவாள்.

"வேண்டாம்னு சொல்லிருங்க அக்கா" என்றாள் டீச்சர்.

"எப்படிச் சொல்ல டீச்சர்? வாரவங்கள வராதன்னா சொல்லுவேன்?"

"வரட்டும், பாக்கட்டும். நீங்க மோருக்கு மட்டும் உள்ள போகாதீங்க."

உலகம்மாள் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே. இத்தனை வருஷம் மோரைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு போனவர்கள், அவளுடைய கறிவேப்பிலையை ஏறிட்டும் பார்க்காதவர்கள், இன்றைக்குத் தேடிக்கொண்டு வருகிறார்கள். என் மகனைப் பார்க்க ஊரே வருகிறது என்று நினைக்கும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதோடு, ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிற செடியை எவர் ஒடிப்பார் என்றும் நினைத்தாள். எல்லாரும் பெற்றவர்கள்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சியில் செவ்வந்தி நகர் முழுக்க அவள் தோட்டத்துக்குள் வந்து நின்றது. பைகளெல்லாம் ஏற்கெனவே பாதி நிறைந்து, செம்பருத்தியும் ரோஜாவும் வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அடுக்களைப் படியில் நாலு வயசுப் பிள்ளையாகக் குத்தாலிங்கம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ஆவுடையப்பன் சாரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றினார். உலகம்மாள் காட்டினாள், இது காது, இது உச்சி மயிர், இது பாருங்க முட்டி, சைக்கிளில் விழுந்து வீங்கினது. காட்டி முடித்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதுதானே வழக்கம். ஆனால் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. எஸ்தர் டீச்சர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள், போகாதீங்க, போகாதீங்க என்று. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு நிறுத்திவைத்துப் பழக்கமில்லாத வாய், உலகம்மாளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"இருங்க, மோர் கொண்டாரேன்."

உள்ளே போய் மத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் ஒடிசல் சின்னதாகக் கேட்டது. அப்போதே வெளியே ஓடி வந்திருக்கலாம். ஓடி வந்து, ஏ பாவிகளா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அத்தனை பேரும் வெட்கப்பட்டு நின்றிருப்பார்கள். ஆனால் மோருக்குப் போனவள் பாதியில் திரும்பி வந்தாள் என்ற பேச்சு அந்த நகரில் அதுவரைக்கும் கிடையாது. இரண்டாவது கேட்டது, பிறகு எண்ண முடியவில்லை. யாரும் பேராசைப்படவில்லை, ஆளுக்கு ஒரே ஒரு சின்னக் கொப்புத்தான் எடுத்தார்கள், தான் எடுப்பது ஒன்றுதானே என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அவள் தம்ளர்களோடு வெளியே வந்தபோது அடிக்கட்டை மட்டும்தான் நின்றது. படி முழுக்க வெயில் அடித்தது. "மோர் ரொம்ப நல்லா இருக்கு உலகம்மா, இஞ்சி தட்டிப் போட்டிருக்கீங்களோ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள்.

அத்தனை கொப்பும் வேர் பிடித்தது. களவாக வந்ததல்லவா, பிடிக்காமல் என்ன செய்யும். மாசி பிறப்பதற்குள் செவ்வந்தி நகரில் வீட்டுக்கு வீடு குத்தாலிங்கம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தான். மருந்துக்கடைக்காரர் வீட்டில் குதிகால். பேங்க் மேனேஜராக இருந்தவர் வீட்டு மாடியில் முட்டி. இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு காது விழுந்தது, பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு அதற்குள் கத்தி விளையாடினார்கள். ஆவுடையப்பன் சார் வீட்டு மதில்மேல் வலது கை. ஊரிலிருந்து விருந்தாள் வந்தால் அவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

உலகம்மாள் தினமும் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். வெயில் எந்த வீட்டில் எப்போது விழும் என்று அவளுக்குப் பாடமாகியது, அந்தக் கணக்குப்படி தெருத்தெருவாகப் போனாள், தன் பிள்ளையைப் பார்க்க வீடுவீடாக வாசலில் நின்றாள். எல்லோரும் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள், நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். சிலர் அவள் தலையைக் கண்டதும் மோருக்குப் போகிறேன் என்று உள்ளே போனார்கள், எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவள் எடுக்கவில்லை. காதைத் திருடிக்கொண்டு போய் என்ன செய்வாள், முட்டியை வைத்து என்ன செய்வாள். அவள் முகத்தைத் தேடினாள். கன்னத்தையும் நெற்றியையும் உச்சி மயிரையும் தாங்கின கொப்பு எவர் பையில் போனது என்று எந்த வீட்டிலும் தெரியவில்லை. முகம் மட்டும் கிடைத்துவிட்டால் அதை மோர் நேரத்தில் ஒடித்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் ஊன்றிவிடுவேன், முகம் இருந்தால் போதும், ஆள் இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள் காலையில் அவள் கதவைப் பூட்டுகிறபோது எஸ்தர் டீச்சர் கிராதிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் ஒரு மண்தொட்டியை ஏந்தியிருந்தாள். டீச்சரின் வெள்ளைச் சேலைமேல், சரியாக நெஞ்சுக்கு நேரே, குத்தாலிங்கத்தின் முகம் விழுந்திருந்தது.

"அன்னைக்கு எல்லாரும் ஒடிச்சாங்க அக்கா. இது ஒண்ணையாவது காப்பாத்துவோம்னு நானும் ஒடிச்சேன். மொட்டை மாடியில வச்சு வளத்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. என் ஆயுசுல நான் செஞ்ச ஒரே களவு, ராத்திரி கண்ணை மூட முடியல."

உலகம்மாளுக்கு டீச்சர் வருகிற விதத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "டீச்சர், அங்கனயே நில்லுங்க! குடுத்துராதீங்க!" என்று அலறி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "திரும்பிப் போங்க. உங்க வீட்டுலயே வையுங்க. நீங்க மோருக்குப் போங்க, நான் வந்து எடுத்துக்கிடுதேன்."

"உங்க பிள்ளைய நீங்களே திருடணுமா அக்கா?" டீச்சர் அழுதாள். "அதையும் என்னால பாக்க முடியாது. இது உங்க பொருள். உங்களுக்குத் தந்துட்டேன்."

தொட்டியை உலகம்மாளின் காலடியில் வைத்துவிட்டு, பாரம் இறங்கினவளாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வீட்டுக் கள்ளர்கள் செய்யாத கெடுதலை அந்த ஒரு நல்லவள் செய்தாள். உலகம்மாளுக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டு மாடியில் கொண்டுபோய் வைத்து, அவளை அடுக்களைக்குள் தள்ளி மோர் கலக்கச் சொல்லி, பூனைபோல் ஏறிப்போய்த் திருடிக்கொண்டும் வந்து பார்த்தாள். பலிக்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். இலைகள் ஓரத்திலிருந்து சுருள ஆரம்பித்தன.

அவள் வெளியே எங்கும் போகவில்லை, முகத்தின் பக்கத்திலேயே இருந்தாள். ஓர் இலை உதிர்ந்தால் புருவம் போனது, இன்னொன்று உதிர்ந்தால் உதட்டோரம் போனது. அவள் பயந்தபடி அவன் முகம் கோணவில்லை, வலிப்பதாகத் தெரியவில்லை. அங்கன்வாடியில் மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் பாயில் படுக்கிற பிள்ளைகளுக்கு வருகிற முகம் அது, தூக்கத்தோடு சண்டை போட்டுத் தோற்கிற முகம். கடைசியாக உச்சி மயிர் ஒன்று மட்டும் படியின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. காய்ந்த குச்சியின் நிழல் காய்ந்த குச்சியாக விழுந்தது.

அவளே ஐயருக்கு ஆள் அனுப்பினாள். "முகம் போயிட்டு சாமி. இனி செஞ்சிரலாம்."

ஐயர் தெருவில் வருகிற வழியிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "எப்படிம்மா செய்ய? ஆவுடையப்பன் ஆத்துச் சுவத்துல கை ஆடறது. ஒரு விரல் அசைஞ்சாலும் நான் எள்ளை எடுக்க மாட்டேன்."

அவர் சொன்ன பிறகுதான் அவள் அந்தக் கையை நினைத்தாள். முகத்தைத் தேடுகிற அவசரத்தில் மற்றதையெல்லாம் அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தாள். மதில்மேல் அந்தக் கை சும்மா இல்லை, விரல்களால் சுவரைத் தட்டிக்கொண்டே, எதையோ பிடிக்கத் தேடிக்கொண்டே இருந்தது. குதிகால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. முட்டி நடுங்கியது. தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, எல்லா வீட்டிலும் அவற்றை நன்றாக வளர்த்தார்கள். அவை உறங்காமல் வளர்ந்தன. முகம் எப்படி அடங்கியது என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவன் வருவான் என்று இனிமேல் சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. அவனை முழுசாகச் சாகவாவது விடவேண்டும் என்று நினைத்தாள்.

பங்குனி வெயிலில் உலகம்மாள் தன்னந்தனியாக ஓர் உலா கிளம்பினாள். முதல் தெருவில் ஆரம்பித்தாள். வீட்டு வாசலில் நின்று, சேலை முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "மோருக்குப் போகாதீங்க. உங்க கையால எனக்குக் குடுங்க" என்று கேட்டாள். செவ்வந்தி நகரில் ஒருத்தி செடியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் காதில் வாங்கியவர்கள் எல்லோருக்கும் அர்த்தம் புரிந்தது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பிள்ளைகளின் தாய் காதைக் கொண்டுவந்து முந்தானையில் வைத்துவிட்டு, தன் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பேங்க் மேனேஜர் நடுங்குகிற முட்டியை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மருந்துக்கடைக்காரர்தான் தயங்கினார்.

"நல்லாத்தானே வளருது அம்மா? நாங்க எங்க பிள்ளை மாதிரில்லா வச்சிருக்கோம்."

"மாதிரி வேண்டாம்யா. அவன் என் பிள்ளை."

அவர் குதிகாலைக் கொடுத்தார். முந்தானை கொள்ளாமல் போகப் போக எஸ்தர் டீச்சர் ஒரு தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், தள்ளிக்கொண்டு வந்தாளே தவிர ஒரு தொட்டியையும் அவள் தொடவில்லை.

கடைசியாக ஆவுடையப்பன் சார் வீடு. அவர் மனைவி உலகம்மாளைப் பார்த்ததும் பழக்கத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பினாள், சார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"குடுத்தா பட்டுப்போயிரும் உலகம்மா. தெரியும்லா?"

"தெரியும் சார்."

"பெறவு எதுக்கு? அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. ஊர்ல ஒரு வீட்டுலயாவது அவன் இருக்கான்னு இருக்கும்லா?"

"எத்தனை நாளைக்கு சார் கையி மட்டும் இருக்கும்? வாயில்ல, வயிறில்ல. பசிச்சா அது என்ன செய்யும்?"

சார் மதிலோரம் போய்க் குனிந்து தொட்டியை எடுத்தார், விருந்தாளுக்குக் காட்டுவதற்காக அதற்கு அவர் காவி அடித்து வைத்திருந்தார், எடுத்துக்கொண்டு வந்து அவளுடைய இரண்டு கையிலும் கொடுத்தார். கொடுத்ததும் நிழல் அவள் மணிக்கட்டின்மேல் விழுந்தது. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் தட்டுவதை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன, ரோட்டைக் கடக்கும்போது பிடித்துக்கொள்கிற பிடி. உலகம்மாள் மரநிழல் இருக்கிற ஓரத்தை விட்டுவிட்டு, நட்டநடுத் தெருவில், கொதிக்கிற தாரில், வெயில் ஓரிடத்திலும் விட்டுப்போகாத பாதையாகப் பார்த்து வீடுவரைக்கும் நடந்தாள். டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள். வாசல்களில் நின்றவர்கள் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அடுக்களைப் படியில் இறக்கினாள். காதை மேலே வைத்தாள், தோளைக் கீழே வைத்தாள், முட்டியை முன்னால் நகர்த்தி, குதிகாலை அதற்கு நேரே வைத்து, நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஒரு தடவை பிள்ளையாக உட்காருமா என்று தொட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். சேரவில்லை. ஒவ்வொரு வீட்டு வெயிலும் ஒவ்வொரு பக்கம் வளர்த்திருந்தது, முட்டி ஒரு திசை பார்த்தது, தோள் ஒரு திசை பார்த்தது.

குடத்திலிருந்து நல்ல தண்ணீரை மொண்டு ஒவ்வொன்றுக்காக ஊற்றினாள். கொடுத்த செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் வீண் என்று அவளுக்குத் தெரியாததல்ல. உப்புத் தண்ணியிலேயே கிடந்த பிள்ளை, இவ்வளவு வெயிலில் வந்திருக்கிறது, ஊற்றாமல் எப்படி இருப்பது. கடைசித் தொட்டியின் கை இப்போது படிக்கல்லை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை அதன்மேல் வைத்து, தட்டுவது நிற்கும்வரைக்கும் எடுக்காமல் இருந்தாள்.